மூணு கதவு, ஒரு கார்: கதவை மாத்தினா ஏன் சான்ஸ் கூடுது? யாராவது புரிய வைங்களேன்

வெண்பனி

எல்லாருக்கும் வணக்கம். நாலு நாளா எனக்கும் என் தம்பிக்கும் ஒரே வாக்குவாதம். விஷயம் இந்த மான்ட்டி ஹால் கணக்கு. தெரியாதவங்களுக்காக ஒரு தடவை சொல்லிடறேன். ஒரு கேம் ஷோ, மூணு கதவு மூடியிருக்கு, ஒண்ணுக்குப் பின்னாடி கார், மத்த ரெண்டுக்குப் பின்னாடியும் ஆடு. நீங்க ஒரு கதவைக் காட்டி இதுதான்னு சொல்றீங்க, ஆனா அதை இன்னும் திறக்கல. ஷோ நடத்துறவருக்கு கார் எங்க இருக்குன்னு தெரியும். அவரு மிச்ச ரெண்டு கதவுல ஆடு இருக்குற ஒண்ணைத் திறந்து காட்டிட்டு, "உங்க கதவுலயே நிக்கிறீங்களா, இல்ல இந்த இன்னொரு கதவுக்கு மாறிக்கிறீங்களா"ன்னு கேக்குறாரு. மாறணுமா வேணாமா?

மாறினா மூணுல ரெண்டு பங்கு சான்ஸ், மாறாம நின்னா மூணுல ஒரு பங்குதான்னு தம்பி சொல்றான். மூடியிருக்கிறது ரெண்டே கதவு, ஒண்ணுல கார் இன்னொண்ணுல ஆடு, அப்ப பாதிக்குப் பாதிதானேன்னு நான் சொன்னேன். அவன் பேசிப் பாத்துட்டு முடியாம சீட்டுக்கட்டை எடுத்துட்டு வந்துட்டான். ஒரு ஆஸ், ரெண்டு ஜோக்கர். ஆஸ்தான் கார். அவன் ஹோஸ்ட், நான் ஆடுறவ. 60 ஆட்டம் ஆடினோம், நோட்டுல கோடு போட்டு எண்ணினோம், 60லயும் நான் மாறினேன், 41 தடவை ஆஸ் வந்துச்சு. பாதின்னா 30 பக்கம் வந்திருக்கணும்.

சரி, நான் சொன்னது தப்புன்னு தெரிஞ்சுடுச்சு, அதை ஒத்துக்கிறேன். ஆனா ஏன் தப்புன்னு இன்னும் மனசுக்குள்ள இறங்கல. தயவுசெஞ்சு "நூறு கதவுன்னு நெனச்சுப் பாருங்க" உதாரணம் மட்டும் வேணாம், அது முடிவை நம்ப வைக்குது, காரணத்தைச் சொல்ல மாட்டேங்குது. என் கேள்வி ஒண்ணே ஒண்ணுதான். ஒரு ஆட்டைக் காமிச்சதும் மூணாவது கதவு கணக்குலேர்ந்து போயிடுச்சு. அதோட பங்கு ஏன் முழுசா அந்த இன்னொரு கதவுக்கே போய்ச் சேருது? என் கதவுக்கு அதுல பாதி ஏன் வரல?

நள்ளிரவு_நட்சத்திரம்

சுருக்கமா சொல்றேன். நீங்க முதல்ல தொட்ட கதவு தப்பா இருக்க மூணுல ரெண்டு வாய்ப்பு. தப்பா தொட்டிருந்தீங்கன்னா மிச்ச ரெண்டு கதவுல ஒண்ணு கார், ஒண்ணு ஆடு, அந்த ஆட்டை ஹோஸ்ட் காமிச்சுட்டாரு, அப்ப மாறினா கண்டிப்பா கார். சரியா தொட்டிருந்தீங்கன்னா மாறினா கண்டிப்பா ஆடு. அவ்வளவுதான். மாறுறதுன்னா "நான் முதல்ல தொட்டது தப்பு"ன்னு பந்தயம் கட்டுறது, அந்தப் பந்தயம் மூணுல ரெண்டு தடவை ஜெயிக்கும்.

அப்புறம் ரெண்டு கதவு இருந்தாலே பாதிக்குப் பாதின்னு எடுத்துக்கிறது தப்பு. நாளைக்கு மழை வரும், இல்ல வராது. வழி ரெண்டுதான், அதுக்காக தினமும் மழைக்குப் பாதி சான்ஸ்னு சொல்லுவோமா?

சதுரங்கக்காரன்

நான் இதை ஒத்துக்கல. சண்டை போடறதுக்காகச் சொல்லல, நிஜமாவே யோசிச்சுப் பாத்துட்டுதான் எழுதறேன். நீங்க 1ஆம் கதவைத் தொட்டீங்க, ஹோஸ்ட் 3ஆம் கதவைத் திறந்தாரு, ஆடு. ஆட்டம் ஆரம்பிக்கும்போது கார் 1ல, 2ல, 3ல இருக்க சமமான வாய்ப்பு. 3 இல்லைன்னு இப்ப தெரிஞ்சுடுச்சு. மிச்சம் 1, 2. ரெண்டும் சமமா ஆரம்பிச்சது, சமமாத்தான் இருக்கணும். நடுவுல யாரும் காரை நகர்த்தல. 60 ஆட்டம்ங்கிறதும் ரொம்ப கம்மி, சும்மா அதிர்ஷ்டமா கூட 41 வந்திருக்கலாம்.

பானுமதி_டீச்சர்

வெண்பனி, நீங்க கேட்டது ரொம்ப சரியான கேள்வி ம்மா. பாதிப் பேரு முடிவை மனப்பாடம் பண்ணிட்டு நகர்ந்துடுவாங்க, பங்கு ஏன் எனக்கு வரலன்னு கேக்கறதே இல்ல. நான் ரொம்ப வருஷமா புள்ளியியல் சொல்லிக் கொடுக்கறேன், எனக்கே முதல் தடவை படிச்சப்போ ரெண்டு நாள் தூக்கம் போச்சு.

முதல்ல சதுரங்கக்காரன் தம்பிக்கு. நீங்க கணக்கு ஆரம்பிச்சது சரி, ஆனா "3 இல்லைன்னு தெரிஞ்சுடுச்சு"ங்கிறதோட நிறுத்திட்டீங்க. உங்களுக்குத் தெரிஞ்சது "3ல கார் இல்ல"ங்கிறது மட்டுமில்ல, "எல்லாம் தெரிஞ்ச ஒரு ஆளு, 2ஐ விட்டுட்டு 3ஐத் திறந்தாரு"ங்கிறதும்தான். ரெண்டும் வேற வேற செய்தி. 300 ஆட்டம்னு வெச்சுக்கலாம், எல்லாத்துலயும் நீங்க 1ஐத் தொடறீங்க. கார் 1ல 100 தடவை, 2ல 100 தடவை, 3ல 100 தடவை. கார் 2ல இருக்கிற 100 தடவையும் ஹோஸ்டுக்கு வேற வழியே கிடையாது, 1 உங்களோடது, 2ல கார், 3ஐத்தான் திறந்தாகணும். நூறும் 3. ஆனா கார் 1ல இருக்கிற 100 தடவைல அவருக்கு 2, 3 ரெண்டுமே ஆடு, எதை வேணா திறக்கலாம், அதனால சுமாரா 50 தடவை 2ஐத் திறப்பாரு, 50 தடவைதான் 3. இப்ப "3ஐத் திறந்தாரு"ங்கிற ஆட்டத்தை மட்டும் பொறுக்கி எடுங்க. மொத்தம் 150. அதுல கார் 2ல இருக்கிறது 100, 1ல இருக்கிறது 50. சமமா ஆரம்பிச்சதுதான், ஆனா உங்க கதவோட நூறுல பாதி "2ஐத் திறந்தாரு" பக்கம் போயிடுச்சு.

இப்ப வெண்பனியோட கேள்வி. உங்க கதவுக்குப் பின்னாடி கார் இருந்தாலும் சரி ஆடு இருந்தாலும் சரி, ஹோஸ்டால ஒரு ஆட்டைக் காமிக்க முடியும், காமிச்சே தீருவாரு. எப்படி இருந்தாலும் நடக்கப் போற ஒரு விஷயம் நடந்ததுனால உங்க கதவைப் பத்தி புதுசா என்ன தெரிஞ்சுடும்? ஒண்ணும் தெரியாது. அதனாலதான் அது மூணுல ஒண்ணுலயே நிக்குது. உங்க கதவை அவரு திறக்கக் கூடாதுன்னு ரூல் வேற இருக்கு, அதுக்கு சோதனையே நடக்கல. அந்த இன்னொரு கதவு அப்படி இல்ல. அதைத் திறக்க அவருக்கு உரிமை இருந்துச்சு, இருந்தும் விட்டுட்டாரு. ஏன் விட்டாருங்கிறதுலதான் சேதி இருக்கு.

இது படிச்சா மட்டும் உள்ள போகாது. ஒண்ணு பண்ணுங்க, இன்னிக்கு நீங்க ஹோஸ்டா உக்காருங்க, தம்பியை ஆட விடுங்க. ஒவ்வொரு ஆட்டத்துலயும் சீட்டைத் திருப்பும்போது உங்களுக்கு சாய்ஸ் இருந்துச்சா இல்லையான்னு மட்டும் நோட்டுல போட்டுக்கிட்டே வாங்க.

வெண்பனி

டீச்சர்!! ஆடினேன். இப்பதான் முடிச்சுட்டு வந்து டைப் பண்றேன், கை கூட இன்னும் நிக்கல.

எப்படி நடந்துச்சுன்னு சொல்றேன். மூணு சீட்டையும் நான் பாத்துட்டு கவுத்து வெச்சேன். தம்பி நடு சீட்டைத் தொட்டான். ஆஸ் வலது பக்கம் இருந்துச்சு. நான் கையை நீட்டும்போது கை தானாவே இடது சீட்டுக்குப் போச்சு, ஏன்னா வலதைத் திருப்ப முடியாது, நடுவுல அவன் விரல் இருக்கு. அடுத்த ஆட்டம் அவன் வலது, ஆஸ் இடது, மறுபடியும் கை நடு சீட்டுக்குப் போச்சு. மூணாவது ஆட்டம் அவன் தொட்டதே ஆஸ். அப்பதான் கை நின்னுச்சு. ரெண்டுமே ஜோக்கர், எதைத் திருப்பறதுன்னு ஒரு நொடி யோசிச்சேன். அந்த ஒரு நொடிதான் டீச்சர் எனக்கு எல்லாத்தையும் சொல்லிக் கொடுத்துச்சு. 30 ஆட்டத்துல 21 தடவை எனக்கு சாய்ஸே இல்ல, 9 தடவைதான் இருந்துச்சு. சாய்ஸ் இல்லாத ஒவ்வொரு தடவையும் நான் திருப்பாம விட்ட சீட்டுதான் ஆஸ். நான் மறைக்கறதா நெனச்சுக்கிட்டு ஆஸ் இருக்கிற இடத்தை விரலால காட்டிக்கிட்டே இருந்திருக்கேன்.

ஆடுறவ இடத்துல உக்காந்திருந்தப்போ ரெண்டு மூடின சீட்டும் ஒரே மாதிரி தெரிஞ்சுச்சு. இந்தப் பக்கம் வந்து உக்காந்தா அது ரெண்டும் ஒண்ணாவே இல்ல. ஒண்ணு அவன் கண்ணை மூடிக்கிட்டு தொட்டது, இன்னொண்ணு நான் பாத்து விட்டு வெச்சது.

ஏட்டுச்சுரை

வெண்பனி, சிமுலேஷனைப் பாத்துட்டும் மனசு ஒத்துக்கலன்னு முதல்ல எழுதியிருந்தீங்க இல்ல, அதுல உங்களுக்கு ரொம்ப பெரிய துணை இருக்கு. பால் எர்டிஷ், இருபதாம் நூற்றாண்டோட மிகப் பெரிய கணித மேதைகள்ல ஒருத்தரு, அவரே மாறினாலும் ஒண்ணுதான் மாறாட்டியும் ஒண்ணுதான்னு அடிச்சுப் பேசினாராம். அவரோட நண்பர் ஆண்ட்ரூ வாசோனி கம்ப்யூட்டர்ல ஓட்டிக் காமிச்சப்புறம்தான் ஒத்துக்கிட்டாரு, அப்பவும் "சரி, ஆனா ஏன்"ங்கிற கேள்வி அவரை விடல. நீங்க கேட்ட அதே கேள்வி.

இந்தக் கணக்கு பெரிய கலவரமா ஆனது 1990 செப்டம்பர்ல. அமெரிக்காவுல பரேட்னு ஒரு வார இதழ், அதுல மேரிலின் வாஸ் சாவன்ட் கேள்வி பதில் எழுதிக்கிட்டிருந்தாங்க. மாறணும், மாறினா மூணுல ரெண்டுன்னு பதில் சொன்னாங்க. வந்து குவிஞ்ச கடிதம் சுமார் 10,000, அதுல ஆயிரம் பக்கம் பிஎச்டி முடிச்சவங்க எழுதினது, பெரும்பாலானவங்க அவங்க தப்புன்னுதான் எழுதினாங்க. கணித பேராசிரியருங்க கூட கடுமையா திட்டி எழுதினாங்க. அந்த அம்மா அசரல. திரும்பத் திரும்ப விளக்கினாங்க, கடைசில நாடு முழுக்க இருக்கிற பள்ளிக்கூடத்து கணக்கு வகுப்புகளை மூணு பேப்பர் கப்பும் ஒரு காசும் வெச்சு நீங்களே ஆடிப் பாருங்கன்னு கேட்டுக்கிட்டாங்க. பிள்ளைங்க ஆடிப் பாத்து முடிவை அனுப்பினாங்க, அப்புறம்தான் அலை திரும்பிச்சு. எனக்கு இந்த மொத்தக் கதைலயும் ரொம்பப் பிடிச்சது இதுதான், பட்டம் வாங்கினவங்க வாதம் பண்ணிக்கிட்டு இருந்தப்போ பசங்க கப்பைக் கவுத்துப் போட்டு உண்மையைக் கண்டுபிடிச்சாங்க.

ஆனா கணக்கு மேரிலினோடது இல்ல. ஸ்டீவ் செல்வின்னு ஒரு புள்ளியியல்காரர் 1975லயே தி அமெரிக்கன் ஸ்டாட்டிஸ்டிஷியன் இதழுக்கு இதைக் கடிதமா எழுதிட்டாரு, அதுல கதவு இல்ல, மூணு பெட்டி. லெட்ஸ் மேக் எ டீல்ங்கிற டிவி ஷோவை நடத்தின மான்ட்டி ஹாலோட பேரை இந்தக் கணக்குக்கு வெச்சதும் செல்வின்தான். அதுக்கும் முன்னாடி 1959ல மார்ட்டின் கார்ட்னர் மூணு கைதிங்க கணக்குன்னு ஒண்ணு எழுதினாரு, ஆளுங்க மட்டும்தான் வேற, எலும்புக்கூடு இதேதான். இன்னும் பின்னாடி போனா 1889ல பிரான்ஸ்ல பெர்ட்ராண்ட் எழுதின மூணு பெட்டி புதிர், இதோட பெரியப்பா மாதிரி.

இன்னொண்ணு. 2010ல புறாக்களை வெச்சு இதே ஆட்டத்தை ஆடிப் பாத்திருக்காங்க, மூணு பொத்தான், தானியம் பரிசு. ஒரு மாசத்துக்குள்ள புறாக்கள் கிட்டத்தட்ட எல்லா தடவையும் மாறக் கத்துக்கிச்சு. அதே மாதிரி ஆடின காலேஜ் பசங்க அந்த அளவுக்கு வரல. புறா "ரெண்டு கதவு, அப்ப பாதி"ன்னு தத்துவம் பேசாம எண்ணிப் பாத்து நடந்துக்குதுன்னு எனக்குத் தோணுது.

சதுரங்கக்காரன்

டீச்சர் சொன்ன 300 கணக்கை பேப்பர்ல போட்டுப் பாத்தேன். 100க்கு 50. நான் கார் 1ல இருக்கிற நூறுல பாதியை விட்டுட்டேன். தப்பு என்னோடதுதான், ஒத்துக்கிறேன். 60ல 41ங்கிறது அதிர்ஷ்டம்னு சொன்னதும் சரியில்ல, நாணயம் 60 தடவை சுண்டினா 41 தலை விழறது ரொம்ப ரொம்ப அரிதுன்னு அப்புறம் கணக்கு போட்டுப் பாத்தேன்.

ஆனா இப்ப எனக்கு ஒரு புதுக் கேள்வி வந்துடுச்சு. ஹோஸ்டுக்கு கார் எங்கன்னு தெரியாதுன்னு வெச்சுக்கலாம். மறந்துட்டாரு, இல்ல கால் தடுக்கி ஒரு கதவு மேல விழுந்துட்டாரு, கதவு திறந்துக்கிச்சு, உள்ள ஆடு. என் கண்ணுக்குத் தெரியறது அதே காட்சிதான், நான் தொட்டது 1, திறந்தது 3, உள்ள ஆடு. அப்பவும் மாறினா மூணுல ரெண்டா? கண்ணுக்கு முன்னாடி இருக்கிறது அதேதானே?

பானுமதி_டீச்சர்

இந்தக் கேள்வி கேட்டீங்க பாருங்க, இதுக்காகத்தான் நான் இந்தக் கணக்கை வகுப்புல எடுக்கறதே. இல்ல தம்பி, அப்ப பாதிக்குப் பாதிதான். நீங்க முதல்ல சொன்ன விடை இந்த ஆட்டத்துக்குச் சரி.

அதே 300. நீங்க 1, கால் தடுக்கி அவரு 2 மேலயோ 3 மேலயோ விழறாரு. கார் உங்ககிட்ட இருக்கிற 100 தடவையும் அவரு எதுல விழுந்தாலும் ஆடுதான் தெரியும். கார் உங்ககிட்ட இல்லாத 200 தடவைல பாதி தடவை காரு மேலயே போய் விழுந்துடுவாரு, ஆட்டம் கெட்டுடும், 100 போச்சு. மிச்சம் 100 தடவை ஆடு. ஆக ஆடு தெரிஞ்ச ஆட்டம் 200, அதுல 100 உங்க கதவு, 100 அந்தக் கதவு. சமம். முன்னாடி ஆட்டத்துல "ஆடு வந்துச்சு"ங்கிறது செய்தியே இல்ல, எப்படியும் வந்திருக்கும். இங்க அப்படி இல்ல, கார் வந்திருக்கலாம், வரல. நீங்க சரியா தொட்டிருந்தா ஆடு கண்டிப்பா வரும், தப்பா தொட்டிருந்தா பாதி தடவைதான் வரும், அதனால ஆடு வந்ததே உங்க கதவுக்கு சாதகமான ஒரு சாட்சி. வெண்பனி கேட்ட அந்தப் பங்கு இங்கதான் உங்க கதவுக்கு வந்து சேருது. டீல் ஆர் நோ டீல் மாதிரி ஷோவுல ஆடுறவரே கண்ணை மூடிக்கிட்டு பெட்டியைத் திறக்கறதுனால, கடைசில ரெண்டு பெட்டி மிஞ்சும்போது மாறினாலும் மாறாட்டியும் ஒண்ணுதான், காரணம் இதேதான்.

கண்ணுக்குத் தெரியற காட்சி ஒண்ணுதான், ஆனா அது எந்த வழியா உங்க கண்ணுக்கு வந்துச்சுங்கிறதும் கணக்குல சேரணும். ஹோஸ்ட் எந்த ரூல்படி கதவைத் திறக்கறாருன்னு சொல்லாம இந்தக் கணக்கைக் கேட்டா அது முழுசான கணக்கே இல்லன்னுதான் நான் சொல்லுவேன். மான்ட்டி ஹாலே 1991ல நியூயார்க் டைம்ஸ் நிருபருக்கு தன் வீட்ல இதை ஆடிக் காமிச்சாரு. ஒவ்வொரு தடவையும் கதவைத் திறந்து மாறச் சொல்லுவேன்னு ரூல் இருந்தா மாறறதுதான் நல்லதுன்னு காமிச்சாரு. அப்புறம் தன் இஷ்டத்துக்கு ஆடினாரு, ஆடுறவரு ஆட்டைத் தொட்டா உடனே அதையே திறந்து ஆட்டம் முடிஞ்சதுன்னாரு, காரைத் தொட்டா மட்டும்தான் மாற விட்டாரு. அப்ப மாறினவங்களுக்கு எல்லா தடவையும் ஆடுதான். நிஜ ஷோவுல, லெட்ஸ் மேக் எ டீல்ல, அவருக்கு அந்தச் சுதந்திரம் இருந்துச்சு, கையில பணத்தை வெச்சு ஆசை காட்டவும் செஞ்சாரு.

போற போக்குல ஒண்ணு, சதுரங்கக்காரன் தம்பி யோசிச்சுப் பாருங்க. எல்லாம் தெரிஞ்ச ஹோஸ்ட்தான், ஆனா ரெண்டு ஆட்டுல எதை வேணா திறக்கலாம்கிறப்போ எப்பவும் சின்ன நம்பரைத்தான் திறப்பாரு. நீங்க 1 தொட்டிருக்கீங்க, அவரு 3ஐத் திறந்துட்டாரு. இப்ப 2ல கார் இருக்க சான்ஸ் எவ்வளவு?

சதுரங்கக்காரன்

2 ஆடா இருந்திருந்தா 2ஐத்தான் திறந்திருப்பாரு... திறக்கல... அப்ப 2ல கார் நிச்சயம்! நூத்துக்கு நூறு. அவரு 2ஐத் திறந்தா கார் 1ல ஒரு 100, 3ல ஒரு 100, அப்ப பாதிக்குப் பாதி. ஆனா எல்லா ஆட்டத்தையும் சேத்துப் பாத்தா மாறுறவருக்கு 300ல 200, மறுபடியும் மூணுல ரெண்டுதான் வருது. மாறினா பாதிக்குக் கீழ போகவே மாட்டேங்குது. இது ரொம்ப அழகா இருக்கு டீச்சர்.

வெண்பனி

கால் தடுக்கி விழற ஆட்டத்தை நேத்து ராத்திரி ஆடிட்டோம். தம்பி சீட்டைக் கலக்கி, பாக்காமலே கவுத்து வெச்சான். நான் ஒண்ணைத் தொட்டேன், மிச்ச ரெண்டுல ஒண்ணை அவன் பாக்காமலே திருப்பினான். 60 ஆட்டம். 19 தடவை ஆஸையே திருப்பிட்டான். மிச்சம் 41ல மாறியிருந்தா 20, நின்னிருந்தா 21. அவன் நாலு நாளா எது வந்தாலும் மாறணும்னு சொல்லிக்கிட்டே இருந்தவன், நோட்டைப் பாத்துட்டு அப்படியே உக்காந்துட்டான். அந்த 19ஐ எந்தப் பக்கம் சேக்கறதுன்னு அவனுக்கு ஒரே குழப்பம். ரெண்டு பக்கத்துக்கும் தோல்வின்னு எழுதிப் பாரு, அப்பவும் 60ல 20, 60ல 21, வித்தியாசமே இல்லன்னு நான் காமிச்சேன். அதுக்கப்புறம்தான் ஒத்துக்கிட்டான்.

இன்னிக்கு டீச்சர் கடைசியா சொன்ன ஆட்டம். அவன்தான் ஹோஸ்ட், ரெண்டும் ஜோக்கரா இருந்தா எப்பவும் இடது பக்கத்துச் சீட்டைத்தான் திருப்பணும்னு பேச்சு. நோட்டுல புதுப் பக்கம் எடுத்து ரெண்டு பத்தியா கோடு போட்டு வெச்சுட்டேன், ஒண்ணு அவன் இடதைத் திருப்பினா, இன்னொண்ணு வலதைத் திருப்பினா. முடிச்சுட்டு எண்ணிக்கையோட வர்றேன்.